கசகசாச் செடியின் பால்

தேங்காயோடும் முந்திரிப் பருப்போடும் சேர்த்தரைத்துக் குருமாவில் விடுவதற்கும், கலியாணப் பந்தியில் பாயசம் நீர்த்துப் போகாமல் திரண்டு வருவதற்கும் நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிற கசகசா, கடுகினும் சிறியதொரு வெண்மணி. முகர்ந்து பார்த்தால் வாசனை என்று சொல்லத்தக்க ஒன்று அதற்கில்லை. வாயிலிட்டு மென்றால் மயக்கமோ கிறக்கமோ உண்டாவதுமில்லை. ஆயினும், துபாயில் வேலை பார்க்கும் மகனைக் காணப் புறப்படுகிற தாய் ஒருத்தி, மிளகாய்ப்பொடி, வடகம், ஊறுகாய் ஆகியவற்றோடு ஒரு சிறு பொட்டலம் கசகசாவையும் பெட்டியில் வைத்துக் கட்டுவாளானால், அந்த நாட்டுச் சட்டத்தின் முன் தடை செய்யப்பட்ட போதைவஸ்துவைக் கொண்டு சென்றவளாக நிற்க நேரும் என்பதை வளைகுடாவுக்குப் போய்வந்த குடும்பங்கள் அறியும். அடுப்பங்கரையில் இத்தனை சாதுவாக இருக்கும் மணிக்கு அப்படியொரு பெயர் ஏற்பட்டதற்குக் காரணம் அதன் பிறப்பிடம். கசகசா எந்தக் காய்க்குள் விளைகிறதோ, அந்தக் காயின் பச்சைத் தோலிலிருந்துதான் அபின் வடிகிறது.

மத்தியப் பிரதேசத்தில் மந்த்ஸௌர், நீமச் வட்டாரங்களிலும், ராஜஸ்தானத்தில் சித்தோர்கட் பக்கத்திலும், உத்தரப் பிரதேசத்தில் சில ஜில்லாக்களிலும், மத்திய சர்க்கார் லைசென்ஸ் கொடுத்து அளந்து விட்ட நிலங்களில் மட்டும் இந்தச் செடி சட்டப்படி பயிராகிறது. பூவிதழ் உதிர்ந்து காய் திரண்டு நிற்கும் மாசி மாதத்துப் பகலில், கூர்முனைகள் பதித்த ஒரு சிறு கருவியைக் கொண்டு காயின் மேல்தோலை மேலிருந்து கீழாகக் கீறிவிடுகிறார்கள். கீறல் ஆழமாகப் போய்விட்டால் பால் காய்க்குள்ளேயே இறங்கி வீணாகும்; மேலோடு நின்றுவிட்டால் கசியவே கசியாது; ஆகையால் இது கைப்பழக்கம் உள்ளவர்களே செய்யக்கூடிய வேலை. இரவெல்லாம் துளித்துளியாகக் கசிந்து, பனியில் உறைந்து, விடியும்போது தவிட்டு நிறம் கொண்டு ஒட்டியிருக்கிற அந்தப் பிசினை வழித்தெடுத்துச் சேர்த்துச் சர்க்காரிடம் எடை போட்டு ஒப்படைத்துவிட வேண்டும். நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள சர்க்கார் ஆலைகளில் அது மார்பின் முதலான ஔஷதங்களாகிறது. இவ்விதம் காயைக் கீறி எடுத்த அபின் பிசினைச் சட்டபூர்வமாக உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற தேசம் நம்முடையது ஒன்றுதான்.

லாகிரி வஸ்துக்கள் என்ற பெருந்தலைப்பில் அடங்குபவை அநேகம். சாராயத்தால் அழிந்த குடும்பங்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் முழுவதும் போதாது. கஞ்சாப் பொட்டலம் கல்லூரி விடுதி வரைக்கும் போய்ச் சேர்ந்த கதை தனி. பஞ்சர் ஒட்டும் பசையைத் துணியில் நனைத்து முகர்ந்தபடி ரயில் நிலையத்துப் படிக்கட்டில் சுருண்டு கிடக்கும் பத்து வயதுப் பாலகனின் கதை, எழுதுகிற கையை நடுங்க வைப்பது. அத்தனையையும் விட்டு நான் அபினையும் அதன் வாரிசுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டதற்கு ஒரு முகாந்திரம் உண்டு. போதையை நாடுகிறவன் சுகத்தை நாடுகிறான், ஒழுக்கம் கெட்டவன், அடக்கமில்லாதவன், தின்று கொழுத்துத் திமிர் கொண்டவன் என்றெல்லாம் நாம் மனத்தில் பதித்து வைத்திருக்கிற சித்திரம் எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு செடியின் சரித்திரத்தைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை. மனிதன் இதனிடம் போனது வலியினால். வலி என்று நான் சொல்வது இடுப்பு வலியையும்தான், மனிதர் பிறரிடம் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிற வலிகளையும்தான்.

வடசென்னையில் இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிற ஓர் அம்மாளை எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும். ஒரே மகன், பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முதுகு ஐம்பது கிலோ மூட்டைக்கு ஏற்பட்டதல்ல. ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம், கூட வேலை செய்தவன், "இதைப் போட்டுக்கோ மச்சான், வலியே தெரியாது" என்று ஒரு மாத்திரையை நீட்டினான். அவன் பொய் சொல்லவில்லை, வலி தெரியவில்லை, அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக மூட்டை இறக்கினான். டேபன்டடால் என்ற அந்த மருந்து, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கடுமையான வலிகளிலும் வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பது. வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாதது. கசகசாச் செடியிலிருந்து எடுப்பதன்று, ரசாயனச் சாலையில் செய்யப்படுவதுதான் என்றாலும், சரீரத்துக்குள் போய் அபின் உட்காருகிற இடத்திலேயே உட்காருவது. வட இந்திய நகரங்களிலிருந்து தபால் பார்சலிலும் ரயிலிலும் பெட்டி பெட்டியாக இது சென்னைக்கு வந்து இறங்குவதையும், போலீசார் பிடிப்பதையும் பத்திரிகைகளில் வாரந்தோறும் படிக்கிறோம். தெருவில் அதற்கு 'வலி மாத்திரை' என்று பெயர். ஒரு மாத்திரையாயிருந்தது மூன்றாயிற்று. மூன்றும் போதாமற்போய் ஊசிக்கு மாறியது எட்டாவது மாதத்தில்.

"சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கினு திரிஞ்சான் சார்" என்றாள் அந்த அம்மாள். "ஏதோ பொண்ணு பேரைக் கையில பச்சை குத்திக்கினான் போல, அதை மறைக்கிறான்னுதான் நெனச்சேன். உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் கூட."

நான் பதில் சொல்லவில்லை. பரணைச் சுத்தம் செய்யப் போனவளுக்குப் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கிடைத்தது ஒரு நெகிழிப் பை. அதற்குள் ஊசி முனைகளைப் பொத்துகிற சிறு மூடிகள் கைப்பிடி அளவு இருந்தன. அவை என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கும் அண்டை வீட்டுக்காரிதான் பார்த்துச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் வீட்டிலிருந்த பெரிய இட்லிக் குண்டான் காணாமற்போயிற்று. வாழ்நாளில் முதன்முதலாக அந்த அம்மாள் அன்று கடை போடவில்லை.

இனி, அந்தப் பையனின் தேகத்துக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை அறியாதவர்களே "மனசு வைத்தால் விட முடியாதா?" என்று கேட்பவர்கள். அபினும் மார்பினும் மூளையில் போய்ப் பொருந்துவதற்கென்றே தனி இடங்கள் உண்டு என்பதை 1973-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். எங்கோ வயலில் வளர்கிற ஒரு செடியின் பாலுக்காக மனித மூளையில் இறைவன் எதற்கு இடம் வைத்தான் என்ற வியப்பு அடங்குவதற்குள், 1975-இல் விடையும் கிடைத்தது: அந்த இடங்கள் செடிக்காக ஏற்பட்டவை அல்ல, வலியைத் தணிக்க நம் சரீரமே ஊறவைத்துக்கொள்கிற சில ரசங்களுக்காக ஏற்பட்டவை. அடிபட்டவன் சிறிது நேரம் வலி தெரியாமல் ஓடுவதும், பிரசவித்த தாய் குழந்தையின் முகத்தைக் கண்டதும் ஆறுதலடைவதும், நெடுநாள் பிரிந்த சிநேகிதனைத் தழுவும்போது நெஞ்சு நிறைவதும் இந்த ரசங்களின் துணையினால்தான். ஒரு குடும்பத்துக்கு மூன்று வேளையும் ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தால், வீட்டு அடுப்பு என்னவாகும்? முதலில் அணையும், பிறகு விறகு வாங்குவது நிற்கும், கடைசியில் அடுப்பே இடிந்து கிடக்கும். வெளியிலிருந்து நாள்தோறும் வந்து சேரும் மருந்து, சரீரத்தின் சொந்த அடுப்புக்குச் செய்வதும் இதுதான். ஒரு நாள் ஓட்டல் சாப்பாடு வராவிட்டால் பட்டினி.

அந்தப் பட்டினியை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடைசி வேளை மருந்தின் வேகம் தீர்ந்த சில மணி நேரத்தில் கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும், கண்ணும் மூக்கும் நீராய் ஒழுகும், கோடையிலும் மயிர் சிலிர்த்து உடல் குளிரும், எலும்புக்குள் ஏதோ ஊர்வது போன்ற குடைச்சலால் கால்கள் தாமாகவே உதைத்துக்கொள்ளும், வயிறு கழியும், உறக்கம் என்பது எட்டிப் பார்க்காது. எந்த இடுப்பு வலிக்காகத் தொடங்கினானோ அது பத்து மடங்காகத் திரும்பி வரும். இந்நிலையில் அவன் தாயின் இட்லிக் குண்டானைத் தூக்கிச் செல்வது ஆனந்தத்துக்காக அன்று. ஆனந்தம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மற்றவர்களைப் போல எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பதற்கே அவனுக்கு இப்போது அந்த மருந்து வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். வலி எல்லா யுகத்திலும் இருந்தது. இந்தச் செடியும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்து வருகிறது. நாட்டு வைத்தியர்கள் அதன் காயைப் போஸ்தக்காய் என்ற பெயரில் அளவறிந்து கையாண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, அது கோடிக்கணக்கானவர்களைப் பிடித்தது எப்போது? வலிக்கும் மருந்துக்கும் நடுவே மூன்றாவதாக லாபம் வந்து உட்கார்ந்தபோது என்பதே சரித்திரம் சொல்லும் விடை.

சீனத்துத் தேயிலை மேல் மோகம் கொண்ட ஆங்கிலேயர்கள் அதற்கு விலையாக வெள்ளியை அளந்து அளந்து கொடுத்து அலுத்திருந்த காலத்தில், 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபின் வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். 1820-இல் காஜிப்பூரில் ஆலை ஏற்பட்டது. அதே ஊரில் அது இன்றும் நடக்கிறது. முன்பணம் என்ற கயிற்றால் கட்டுண்ட கங்கைக்கரைக் குடியானவர்கள் நெல்லும் கோதுமையும் விளைய வேண்டிய நிலத்தில் இதைப் பயிரிட்டார்கள். கல்கத்தாவில் கம்பெனி ஏலம் விட்டது. தனி வியாபாரிகளின் கப்பல்களில் அது சீனத்துக் கரைக்குக் கள்ளத்தனமாகப் போயிற்று. கம்பெனியின் கை நேராக அழுக்காகாதபடி செய்துகொண்ட ஏற்பாடு அது. 1839-இல் லின் ஸெஷு என்ற சீன அதிகாரி, பறிமுதல் செய்த இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைச் சுண்ணாம்பும் உப்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். அதற்குப் பதிலாக பிரிட்டன் யுத்தக் கப்பல்களை அனுப்பி, 1842-இல் ஹாங்காங்கையும் வாங்கிக்கொண்டது. ஒரு தேசத்து ஜனங்களை அடிமையாக்கும் உரிமைக்காக இன்னொரு தேசம் பீரங்கி வைத்துப் போராடிய கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அந்தப் பெட்டிகளில் இருந்தது நம் மண்ணில் நம்மவர்கள் கீறி எடுத்த பால் என்று நினைக்கும்போது அந்தப் பதற்றம் வெட்கமாகிறது. இருபது வயது இளைஞராயிருந்த ரவீந்திரநாத் தாகூர் 1881-லேயே இதை மரண வியாபாரம் என்று பெயரிட்டுக் கண்டித்து எழுதினார்.

அடுத்த ரூபம் மருந்துக் கடையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஸெர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர், அபினின் சாரத்தைத் தனியே பிரித்து, கிரேக்கரின் கனவுத் தேவதை மார்பியஸின் பெயரால் அதை அழைத்தார். அந்த மார்பினைச் சிறிது மாற்றிச் செய்த ஒரு பொருளை 1898-இல் பேயர் கம்பெனி இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டு வந்தது; மார்பினைப் போல் இது அடிமையாக்காது என்று சொல்லப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ஹெராயின்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே வாக்கு மீண்டும் கொடுக்கப்பட்டது என்பதுதான் என்னைத் திகைக்க வைப்பது. 1980-இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் படுத்திருந்து இவ்வகை மருந்தை ஒரு தடவையேனும் பெற்ற 11,882 நோயாளிகளில், அடிமைப்பட்டதாகத் திட்டமாகத் தெரிந்தவர்கள் நால்வரே என்று இரு ஆராய்ச்சியாளர்கள் அதில் குறிப்பிட்டிருந்தார்கள். செவிலியின் கண்காணிப்பில் சில நாள் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றிய குறிப்பு அது. மாதக்கணக்கில் மாத்திரையை வீட்டுக்கு எடுத்துச் சென்று விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், வலி மருந்தால் அடிமைத்தனம் உண்டாவது அபூர்வம் என்பதற்கு ஆதாரமாக அந்த ஐந்து வாக்கியங்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் ஏறின. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்த பர்டியூ கம்பெனி, வைத்தியர்களிடம் அந்த நம்பிக்கையை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதுகொடியச் சுரங்க வேலை பார்த்தவர்களும், சுரங்கம் மூடிய பின் வேலையற்றவர்களும் நிறைந்த அப்பலேச்சிய மலைப் பிரதேசத்தில் மாத்திரை முதலில் வேர் விட்டது. அடிமைத்தனத்தின் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-இல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் செலுத்திற்று. ஆனால் மாத்திரை கிடைக்காமற்போனவர்கள் அதற்குள் ஹெராயினுக்கும், பிறகு கடுகளவிலேயே உயிரைக் குடிக்கும் ஃபென்டனிலுக்கும் போய்விட்டிருந்தார்கள். 2021-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் போதை மருந்து அளவு மீறி அமெரிக்காவில் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

வியாபாரிகளை இவ்வளவு சொன்ன பிறகும், வாங்குகிறவனின் வாழ்க்கையைப் பார்க்காவிட்டால் காரணத்தில் பாதியே தெரிந்ததாகும். 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன ஏழைத் தாய்மார்கள், பகல் முழுதும் குழந்தை அழாமல் கிடக்க வேண்டுமென்று ஒரு சிறு அபின் உருண்டையை அதன் வாயில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தம் குழந்தை மேல் பாசமில்லை என்று யார் சொல்ல முடியும்? பாலூட்ட வேண்டிய நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூலியை இழந்தால் இரவுச் சோறில்லை. அந்த உருண்டையை அங்கே வைத்தது தாயின் கைதான். ஆனால் அந்தக் கையை அப்படி அசைத்தவை தொழிற்சாலைச் சங்கும், பிள்ளை காப்பகமில்லாத ஊரும்.

இதற்கு நேர் எதிரான ஓர் அநுபவமும் உண்டு. அது என் எண்ணத்தையே மாற்றியது என்று சொல்வேன். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஹெராயின் மலிவாகக் கிடைத்தது. 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண்மணி ஆராய்ந்தபோது, ஐவரில் ஒருவர் அங்கே அடிமைப்பட்டிருந்தது தெரிந்தது. நாடே நடுங்கிற்று. ஆனால் அப்படி அடிமைப்பட்டவர்களில், ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மீண்டும் அந்த நிலைக்கு வீழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. அதே மருந்து, அதே தேகம். மாறியவை இடமும் வாழ்வும்: தலைக்கு மேல் குண்டு விழுகிற காடு போய், மனைவியும் மக்களும் வேலையும் அண்டை வீட்டாரும் உள்ள ஊர் வந்தது, மருந்தும் அங்கே கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லை. பரம்பரையாக வரும் சுபாவத்துக்கு இதில் கணிசமான பங்குண்டு, இளம் பிராயத்தில் தொடங்குகிறவர்களுக்கு அபாயம் அதிகம் என்றெல்லாம் வைத்தியர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும், வடசென்னைப் பையனுக்கு யுத்தம் முடியவில்லையே என்று நான் எண்ணாத நாளில்லை. மருத்துவமனையிலிருந்து அவன் திரும்பி வந்தது அதே சந்துக்கு, அதே மூட்டைக்கு, மாத்திரை நீட்டிய அதே சிநேகிதனிடத்துக்கு.

நம் நாட்டுக் கணக்கை ஒரு வார்த்தை. மத்திய அரசு அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அபின் வகைகளை உபயோகிப்பவர்கள் 2 கோடியே 26 லட்சம்; அவர்களில் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 77 லட்சம்; எல்லாவித மருந்துகளையும் சேர்த்து ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எட்டரை லட்சம். சட்டவிரோத போதை மருந்துகளுக்கு அடிமைப்பட்டவர்களில் இருபதுக்கு ஒருவருக்கே ஏதேனுமொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்பதும் அதே ஆய்வு கூறுவது.

ஊசி என்றதும் மணிப்பூரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பர்மிய எல்லையில் மோரே வழியாக 1980-களில் 'நம்பர் ஃபோர்' என்ற சுத்த ஹெராயின் அங்கே வந்து புகுந்தது. ஒரே ஊசியை நாலைந்து சிநேகிதர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். 1990-இல் அவர்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டு, மிகச் சொற்ப காலத்தில் அது அவர்களில் பெரும்பாலாரைப் பற்றிற்று. பிறகு அவர்களுடைய மனைவிமாரை. பிறகு பிறந்த சிசுக்களை. ஊசியைக் கண்ணால் கண்டறியாத ஒரு பெண், தன் திருமணத்தின் மூலமாகவே அந்தக் கிருமியை ஏற்றுக்கொண்டு, கணவனைப் புதைத்துவிட்டுத் தானும் மருந்து வரிசையில் நின்ற கதை அங்கே ஆயிரமாயிரம் வீடுகளில் நடந்தது.

சர்க்கார் சும்மா இருந்ததில்லை. 1985-இல் பிறந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்த நாட்டின் மிகக் கடுமையான சட்டங்களில் ஒன்று. கடத்துகிறவனை அது பிடிப்பதைப் பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதே சட்டம், ஒரு குப்பி மார்பினை வைத்துக்கொள்வதற்கே மருத்துவமனைகள் பல லைசென்ஸ்களுக்கு அலைய வேண்டும், கணக்கில் பிசகினால் சிறை என்ற நிலையை உண்டாக்கியதால், மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினை வாங்குவதையே விட்டன. உலகத்துக்கே அபின் அனுப்புகிற தேசத்தில், புற்றுநோய் எலும்பை அரிக்க, பாயைக் கடித்துக்கொண்டு இரவைக் கழித்தவர்கள் எத்தனை லட்சம்! கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் இருபது ஆண்டுகள் போராடிய பிறகே, 2014-இல் அந்த முடிச்சுகளைத் தளர்த்தும் திருத்தம் வந்தது. வலிப்பவனுக்கு மருந்து எட்டாதபடியும், வலியோடு வேலைக்குப் போகிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது சந்து முனையில் கிடைக்கும்படியும் நாம் காரியங்களை நடத்தி வந்திருக்கிறோம்.

அதே சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு உண்டு; அடிமைப்பட்டவர், சொற்ப அளவு வைத்திருந்த குற்றத்துக்கு உள்ளானாலும், தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கப்படுவார் என்று அது கூறுகிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? அந்த இட்லிக் கடை அம்மாளுக்குத் தெரியாது. போலீசுக்குப் பயந்து ஏழு மாதம் அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு, யாரோ சொன்னதைக் கேட்டு, மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிய ஓரிடத்தில் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்டி மகனை விட்டாள். கட்டிலோடு கட்டி வைப்பதும் பிரம்பால் அடிப்பதுமே அங்கே சிகிச்சையாக இருந்தது. முப்பது நாளில் வெளியே வந்தவன், மூன்றாம் நாள் பழைய அளவையே ஊசியில் ஏற்றிக்கொண்டு நீலம் பாரித்துக் கிடந்தான். மருந்தில்லாமல் இருந்த நாட்களில் தேகம் பழைய தாங்குசக்தியை இழந்துவிடுகிறது, முன்பு பழகிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும் என்பதை அந்த மையத்தில் அவனுக்கு ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கே நலாக்ஸோன் என்ற ஒற்றை ஊசி, அபின் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதை இடம் பெயர்த்து, நின்றுகொண்டிருந்த மூச்சை இழுத்து வந்தது.

அடித்துத் திருத்தும் இந்த மூடத்தனத்துக்கு மாற்று நம் ஊரிலேயே வெகுகாலமாக இருக்கிறது. குடியினால் கணவரை இளம் வயதில் இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், அடிமைத்தனம் ஒரு வியாதி, குடும்பமும் அதில் நோயாளி என்ற கொள்கையின் மேல் நின்றது. நோயாளியின் மனைவியையும் தாயையும் உட்கார வைத்துப் பேசுவதைச் சிகிச்சையின் அங்கமாகவே அது ஆக்கியது. அபின் வகைக்கு அடிமையானவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் பூப்ரினார்ஃபின் என்ற மாத்திரை, மயக்கத்தைத் தராமல் அந்தப் பட்டினியை மட்டும் அடக்குகிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளியை நாம் அப்படிக் கேட்பதில்லை. அதை வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. அழைக்கிறவர்களை வழக்கில் மாட்டுவதற்காக ஏற்பட்டதல்ல அது.

சென்ற மாதம் ஒரு காலையில் அந்த அம்மாளோடு அப்படியொரு மருத்துவமனைக்கு நானும் போயிருந்தேன். நடைபாதை பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஆட்டோ ஓட்டுபவருடைய காக்கிச் சட்டையும் இருந்தது, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவரும் இருந்தார். பையன் இளைத்துத்தான் இருந்தான். முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தான். நடுவில் ஒரு தடவை மறுபடி விழுந்து எழுந்தவன். மூட்டை வேலையை விட்டுவிட்டு, அம்மா கடையிலேயே மாவு ஆட்டித் தருகிறானாம். புதிய குண்டான் வாங்கியாகிவிட்டது; தவணை இன்னும் நான்கு பாக்கி.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். செவிலி மாத்திரையைப் பொடித்து ஒரு மடித்த காகிதத்திலிருந்து அவன் நாக்கின் அடியில் கொட்டிவிட்டு, "முழுங்கிடாதப்பா, கரையட்டும்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, "எங்க, வாயைத் தொற... நாக்கைத் தூக்கு" என்றாள். அவன் திறந்தான். நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், கைக்குழந்தைக்குச் சோறூட்டுகிற தாய்மார்கள் செய்வதைப் போல, தன்னை அறியாமல் தானும் வாயைத் திறந்திருந்தாள்.